வெள்ளம் வடிந்த பிறகு விழுந்த கரை

2021 நவம்பர் 19ஆம் தேதி கார்த்திகை தீபம். எங்கள் தெருவில் அன்று ஒரு வாசலிலும் அகல் எரியவில்லை. ஆற்றங்கரையை ஒட்டிய முப்பது வீடுகளில் இருந்தவர்களும் பாய், தலையணையுடன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். ஆண்களில் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் டார்ச் விளக்கும் மண்வெட்டியுமாகக் கரைமேல் நின்றிருந்தோம். கரையின் தலைப்பிலிருந்து ஒன்றரை முழம் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விடியும்வரை கரை நின்றது. மறுநாள் பகலில் தண்ணீர் மளமளவென்று ஆளுயரத்துக்கு இறங்கியது. அடுப்பு மூட்டலாம் என்று பெண்கள் வீடு திரும்பினார்கள். நானும் படுத்துக் கண்ணயர்ந்தேன். 21ஆம் தேதி காலை ஏழு மணி இருக்கும். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், நூற்றைம்பது அடி நீளத்துக்குக் கரையின் ஆற்றுப்பக்கப் பாதி அப்படியே நழுவி ஆற்றில் உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. நனைந்த வைக்கோற்போர் சரிவதைப் போல இருந்தது.

வெள்ளத்தில் நின்ற கரை வெள்ளம் வடிந்தபின் ஏன் விழுந்தது என்பது எங்களுக்குப் புரிய ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. அதற்குள் ஒரு முறை தவறாகக் கட்டி, கட்டியதையும் ஆற்றுக்கே கொடுத்துவிட்டோம். கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். தெருக்காரர்கள் சேர்த்த பணத்துக்குக் கணக்கு வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதனால் எந்த ரூபாய் எங்கே போனது, எது நின்றது, எது கரைந்தது என்பது என் நோட்டில் இருக்கிறது. பொறியியல் படித்தவன் அல்லன். பார்த்ததையும் செய்ததையும் மட்டுமே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குடியாத்தம் வட்டத்தில், கவுண்டன்ய மகாநதியின் கரையில் இருக்கிறது. பெயர்தான் மகாநதி, ஊருக்குள் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஆறு என்றால் ஆறுதான். சித்தூர் மாவட்டத்துக் காடுகளில் பிறந்து, மோர்தானா அணையில் தங்கி, அணை நிரம்பினால் குடியாத்தத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடிப் பாலாற்றில் சேர்கிறது. அணை நிரம்பாத ஆண்டுகளில் அது வெறும் மணல், அதில் சீமைக்கருவேல முள், ஓரத்தில் சாக்கடை. பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்படிப் பல ஆண்டுகள் வறண்டே கிடக்கும் ஆற்றின் கரையில் குடியிருப்பவர்களுக்குக் கரை என்பது மாட்டைக் கட்டுகிற மேடு, எருமுட்டை தட்டுகிற இடம், குறுக்குவழி. 1903 நவம்பரில் மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து பாலாற்றில் வந்த வெள்ளம் வாணியம்பாடியை வாரிக்கொண்டு போன கதையை எங்கள் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம்; அங்கே அதற்கு நினைவுத்தூணும் உண்டு. ஆனால் அது அவர்கள் ஊர்க் கதை என்றுதான் இருந்தோம். நாங்கள் கரைமேல் நின்ற அதே நவம்பர் 19 அன்று விடியற்காலையில் பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் இறந்துபோனார்கள் என்ற செய்தி வந்தபிறகுதான், ஊறிய மண் எப்படிப்பட்டது என்ற பயம் எங்களுக்குள் இறங்கியது.

எங்கள் ஊரில் ஆறு வில்லைப்போல் வளைகிறது. வளைவின் வெளிக்கரையில் எங்கள் தெரு. வளைவில் ஓடும் தண்ணீர் வெளிக்கரையை அறுத்து, அங்கே எடுத்ததை உள்கரையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். எதிர்க்கரைக்காரர்களுக்கு ஆண்டுதோறும் மணல் மேடு வளர்ந்துகொண்டே இருப்பதை அவர்களுடைய அதிர்ஷ்டம் என்று பேசிக்கொண்டிருந்தோமே தவிர, அந்த மணலில் எங்கள் கரையும் கொஞ்சம் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

தீபத்தன்று இரவு நாங்கள் செய்த வேலையில் பாதி வீண் வேலை. உரச்சாக்குகளில் மணலைக் கழுத்துவரை நிரப்பி, வாயை இறுகக் கட்டி, கரையின் தலைப்பில் வரிசையாக நிற்க வைத்தோம். கழுத்துவரை நிரம்பிய மூட்டை பந்துபோல் உருண்டையாக நிற்கும்; ஒன்றோடொன்று படியாது; இடுக்கெல்லாம் தண்ணீர் வழி. மூட்டையைப் பாதிக்குச் சற்று மேலே மட்டும் நிரப்ப வேண்டும் என்பதையும், வாயை மடித்து மூட்டைக்கு அடியில் செருகிப் படுக்கவைக்க வேண்டும் என்பதையும், செங்கல் அடுக்குவதைப் போல ஒரு வரிசையின் இணைப்பின்மேல் அடுத்த வரிசையின் நடுப்பகுதி வரும்படி அடுக்கி ஒவ்வொன்றையும் காலால் மிதிக்க வேண்டும் என்பதையும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர், ஒரு காலத்தில் பக்கத்து ஏரியில் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியாக இருந்த பெரியவர். எண்பதைத் தாண்டியவர்; பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு நடுராத்திரியில் வந்தார். நாங்கள் அடுக்கியிருந்ததைக் கையில் இருந்த கழியால் ஒரு தட்டுத் தட்டினார், இரண்டு மூட்டை உருண்டு ஆற்றில் விழுந்தன.

“இன்னா நைனா, எல்லாரும் தண்ணியவே பாத்துக்கினு நிக்கறீங்க? பின்னால போயி ஊட்டாண்ட பாருங்க. கரை சொல்றது அங்கதான் கேக்கும்” என்றார்.

பின்னால் போய்ப் பார்த்தோம். கரையின் ஊர்ப்பக்க அடியில், ஒரு வீட்டின் மாட்டுக் கொட்டகைக்கு அருகே, தரையிலிருந்து தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. சோறு கொதிப்பதைப்போல, நடுவில் எழும்பிச் சுற்றிலும் நுண்மணலை வட்டமாகக் கக்கிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவர் உடனே ஒரு மூட்டையைத் தூக்கி அதன் வாயில் போடப் போனார். பெரியவர் கத்திவிட்டார். அடைக்கக் கூடாதாம், ஓரிடத்தில் அடைத்தால் இரண்டடி தள்ளி வேறோர் இடத்தில் கிளம்புமாம், அதுவும் கரைக்கு உள்ளே கிளம்புமாம். ஊற்றைச் சுற்றிக் கிணற்று உறைபோல மூட்டைகளை வட்டமாக அடுக்கச் சொன்னார். உள்ளே தண்ணீர் ஏற ஏற, அந்தத் தண்ணீரின் கனமே கீழிருந்து வருவதை எதிர்த்து அழுத்தும். இரண்டரை அடி உயர்ந்ததும் கலங்கல் நின்று தண்ணீர் தெளிவாக வழியத் தொடங்கியது. ஒரு லோட்டாவில் மொண்டு டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “தெளிஞ்சிட்டுது, வுடு. கலங்கி வந்தா மண்ணு போவுதுன்னு அர்த்தம். தெளிஞ்ச தண்ணி போனாப் போவட்டும்” என்று சொல்லி உட்கார்ந்தார். அன்று இரவு கரை பிழைத்ததற்கு எங்கள் நானூறு மூட்டைகளைவிட, அந்த ஓர் உறைக்குச் செலவான அறுபது மூட்டைகள்தான் காரணம் என்று நான் இன்றுவரை நம்புகிறேன்.

விழுந்த கரையை மீண்டும் எழுப்பும் முதல் முயற்சியில் நாங்கள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்த்தோம்: உயரம். வெள்ளம் தலைப்பிலிருந்து ஒன்றரை முழத்தில் ஓடியதால், கரையை இன்னும் மூன்றடி உயர்த்திவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று கூட்டத்தில் ஒருமனதாக முடிவெடுத்தோம். 2022 தை மாதம், வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, நாங்களே ஒருவரைப் பிடித்தோம். அவர் ஜேசிபியை ஆற்றில் இறக்கி, கரைக்கு அடியிலேயே மணலை வாரி, சரிந்த இடத்தில் கொட்டி, வாளியால் தட்டித் தட்டிச் சமன் செய்தார். நான்கு நாளில் முடிந்தது. அதன் முதுகில் இரண்டு தென்னங்கன்றுகூட நட்டோம். அந்தப் பணியில் இருந்த தவறுகளை இப்போது எண்ணினால் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்தே வருகின்றன. ஆற்று மணலுக்கு ஒட்டுகிற குணம் இல்லை. காய்ந்தால் ஓடும், நனைந்தால் கரையும். அதைக் கரையின் காலடியிலிருந்தே எடுத்ததால், வெள்ளம் தோண்ட வேண்டிய பள்ளத்தை வாடகை கொடுத்து நாங்களே தோண்டிவிட்டோம். அனுமதி கேட்கவும் இல்லை. கரையும் படுகையும் அரசுப் புறம்போக்கு. அங்கே ஒரு கூடை மண் எடுப்பதானாலும் போடுவதானாலும் நீர்வளத்துறையைக் கேட்டாக வேண்டும் என்பது, பின்னால் அலுவலகத்தில் நின்றபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

அந்த ஆண்டு ஆவணியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. பெரிய வெள்ளமல்ல, முழங்காலுக்கு மேல் இடுப்புக்குக் கீழ். மூன்று நாள் ஓடியது. மூன்றாம் நாள் மாலையில் தென்னங்கன்று இரண்டும் நின்றபடியே நடந்துபோய் ஆற்றில் இறங்கின.

அதன்பிறகுதான் பொதுப்பணித்துறையில் பல ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பொறியாளரைக் கண்டுபிடித்து அழைத்து வந்தோம். நாங்கள் அவரைக் கரைமேல் நடத்திக் காட்டப் போனோம். அவரோ செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நேரே ஆற்றுக்குள் இறங்கிவிட்டார். கையில் பத்தடி நீளக் கம்பி ஒன்று. கரையின் காலடியில் அதை நட்டு இரண்டு கையாலும் அழுத்தினார். வெண்ணெயில் கத்தி இறங்குவதைப்போல ஆறு அடி இறங்கிற்று. பத்தடி தள்ளி ஆற்றின் நடுப்பக்கம் அழுத்தினார். இரண்டு அடியில் நின்றுவிட்டது.

“வெள்ளம் ஓடும்போது உங்க கரை அடியில ஆறடிப் பள்ளம் இருந்திருக்கு சார். தண்ணி வடியறப்போ அதே ஆறு அந்தப் பள்ளத்த மணல் போட்டு மூடிட்டுப் போயிடும். நீங்க வெயில்ல வந்து பாத்தா தரை சமமா இருக்கும். அந்தத் தரைமேல கட்டினா எது நிக்கும்?” என்றார்.

இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வதற்காகவே ஒருவர் இந்தக் கட்டுரையைப் படிக்கலாம் என்று நினைக்கிறேன். பள்ளத்தைத் தோண்டிய ஆறே அதை மூடியும் விடுகிறது. மூடிய மணல் புதிதாக, தளர்வாக, அடுத்த வெள்ளத்தின் முதல் மணி நேரத்திலேயே எழுந்து போவதற்குத் தயாராக இருக்கும். எனவே கம்பியைக் கொண்டு குத்திப் பார்க்காமல் கரைக்கு அஸ்திவாரம் எங்கே என்று யாரும் முடிவு செய்யக் கூடாது.

வடிந்தபின் விழுந்த காரணத்தையும் அவர்தான் சொன்னார். இரண்டு நாள் வெள்ளத்தில் கரை முழுவதும் தண்ணீர் குடித்து ஊறிவிடுகிறது. ஆற்றில் தண்ணீர் உயரமாக இருக்கும்வரை அதுவே கரையைக் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டும் இருக்கிறது. திடீரென்று ஆறு இறங்கினால் அந்தத் தாங்கல் போய்விடும். உள்ளே குடித்த தண்ணீர் மட்டும் அவ்வளவு வேகத்தில் வெளியேற முடியாமல் மண்ணை வெளிப்பக்கம் தள்ளும். காலடியிலோ பள்ளம். விழாமல் என்ன செய்யும்? வெள்ளம் வடியத் தொடங்கியதும் வீடு திரும்பியது எங்கள் தவறு. காவல் அப்போதுதான் கூடுதலாக வேண்டும்.

மறுநாள் அவர் கரையில் மூன்று இடங்களில் குழி வெட்டிப் பார்க்கச் சொன்னார். முதல் குழியில் பெருச்சாளி வளைகள். கை முழங்கைவரை போயிற்று. இரண்டாவதில் எப்போதோ வெட்டிய பனைமரத்தின் அடி, மக்கிப் பஞ்சாகி, வேர் இருந்த இடமெல்லாம் குழாய்போல் துளை. மூன்றாவது குழி எங்களைத் தலைகுனிய வைத்தது. அதில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருந்தது. தெருவின் சாக்கடைத் தண்ணீர் தேங்குகிறதென்று ஏழெட்டு ஆண்டுகளுக்குமுன் நாங்களே பணம் போட்டுக் கரையைக் குறுக்கே வெட்டி, எட்டு அங்குலக் குழாயைப் பதித்து, ஆற்றில் விட்டிருந்தோம். வெட்டிய மண்ணை மேலே தள்ளி மூடியதோடு சரி. குழாயின் வழவழப்பான வெளிப்புறத்தை ஒட்டி மண் இறுகவே இல்லை. அந்த இடுக்கு வழியாகத்தான் வெள்ளத்தண்ணீர் ஊர்ப்பக்கம் வந்து கொட்டகை அருகே கொப்பளித்திருக்கிறது. அந்தக் குழாய்க்கு வசூல் கணக்கு எழுதியவனும் நான்தான். தேடினால் அந்த நோட்டும் கிடைக்கும்.

2023 தொடக்கத்தில் நீர்வளத்துறைக்கு மனு, அளவை, மதிப்பீடு என்று மூன்று மாதம் ஓடியது. கல்லும் எந்திரமும் அரசு மதிப்பீட்டில் வந்தன. மண் சேர்ப்பது, தண்ணீர் தெளிப்பது, இரவில் கல்லுக்குக் காவல் இருப்பது, ஆட்களுக்குச் சாப்பாடு ஆகியவை எங்கள் பங்கு. பங்குனியில் தொடங்கி, ஆடிக்குள் முடித்தாக வேண்டும் என்பது கணக்கு. நடுவில் வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த வாரம் இந்த வட்டாரத்தில் எந்த வேலைக்கும் ஆள் வராது என்பது தெரிந்ததே, அதையும் கழித்துக்கொண்டோம்.

கல்லையும் மண்ணையும்விடக் கடினமாக இருந்தது இடம்தான். கரை பன்னிரண்டு அடி உயரம், தலைப்பு எட்டு அடி அகலம். ஓர் அடி உயரத்துக்கு இரண்டு அடி என்ற கணக்கில் சரிவு வைத்தால் ஆற்றுப்பக்கம் இருபத்துநான்கு அடி, ஊர்ப்பக்கம் இருபத்துநான்கு அடி. தலைப்பையும் சேர்த்தால் அடியில் ஐம்பத்தாறு அடி அகலம் வேண்டும். இருந்ததோ முப்பது. பல ஆண்டுகளாக ஆளுக்குக் கொஞ்சமாகக் கரையின் காலைச் செதுக்கிக் கொட்டகை, கழிப்பறை, துணி துவைக்கும் கல் என்று போட்டிருந்தோம். அதனால் கரை சுவர்போலச் செங்குத்தாகிவிட்டிருந்தது. ஆற்றுப்பக்கம் முழுவதையும் தள்ளினால் ஆற்றின் அகலம் குறைந்து வேகம் கூடும். ஆகவே இரண்டு பக்கமும் பங்கு போட வேண்டியிருந்தது. பதினொரு வீடுகளின் பின்புறம் போக வேண்டும். பத்து வீட்டார் முணுமுணுத்தாலும் ஒத்துக்கொண்டார்கள். மாட்டுக் கொட்டகை வைத்திருந்த அக்கா மட்டும் முடியாது என்றார். அவருக்குக் கணவர் இல்லை; இரண்டு கறவை மாடுதான் வாழ்க்கை. சட்டம் பேசினால் அவர் பக்கம் ஒன்றுமில்லை. ஆனால் ஊற்று கிளம்பிய இரவில் இடுப்பளவு சேற்றில் நின்று மூட்டை தூக்கிக் கொடுத்தவரும் அவர்தான். கடைசியில் தெருமுனையில் டிப்பர் வைத்திருக்கும் பாய் தம்முடைய லாரி நிறுத்தும் மனையில் ஓரத்தைக் கொட்டகைக்கு விட்டுக் கொடுத்தார். “மாடு கட்ட எடம் தர்றேன் அக்கா, ஆனா என் லாரிய முட்டக் கூடாது” என்றார் பாய். அந்த வாக்கியம் தெருவில் இன்னும் வழக்கில் இருக்கிறது.

வேலை காலடியிலிருந்து தொடங்கியது. கம்பி இறங்கிய ஆறு அடிக்கும் கீழே ஓர் அடி, அதாவது ஏழு அடி ஆழத்துக்கு, கரை நெடுகப் பள்ளம் வெட்டினோம். ஆறு மேலே வறண்டு கிடந்தாலும் மணலுக்கடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். பாலாற்றுப் படுகையில் ஊற்றுக்கால் வெட்டிப் பயிர் செய்த நாடல்லவா இது! நான்காவது அடியிலேயே நீர் பொங்கிப் பள்ளத்தின் ஓரங்கள் சரிந்தன. டீசல் எஞ்சின் இரண்டை இரவு பகலாக ஓட்டி இறைத்தபடி, இருபது அடி வெட்டினால் அந்த இருபது அடியிலும் அன்றே கல் நிரப்பி முடிப்பது என்று வைத்துக்கொண்டோம். ஒரே நாளில் நூறு அடி வெட்டி வைத்த ஆர்வக்கோளாறு ஒரு முறை நடந்தது. காலையில் வந்து பார்த்தால் பள்ளமே இல்லை.

கல்லைப் பற்றி எங்களுக்கு இருந்த எண்ணம், கனமாக இருந்தால் போதும் என்பது. இரண்டு ஆள் சேர்ந்து தூக்கும் அளவு வேண்டும் என்பது சரிதான். ஆனால் உருண்டைக் கல் கூடாது, உடைத்த கருங்கல்தான் வேண்டும். முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். இடித்த வீட்டின் காங்கிரீட் துண்டுகளைக் கொண்டுவந்து கொட்ட இரண்டு பேர் முன்வந்தார்கள்; பொறியாளர் மறுத்துவிட்டார். தட்டையான துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், அவற்றின் பின்னால் தண்ணீர் புகுந்து மண்ணை இழுக்கும். அதைவிட முக்கியமானது கல்லுக்கு அடியில் இருப்பது. கல்லை நேராக மண்ணின்மேல் பதித்தால், கரையிலிருந்து கசியும் தண்ணீர் கல்லிடுக்கு வழியாக மண்ணையும் கொண்டுவந்துவிடும். மேலே கல் அழகாக இருக்கும், உள்ளே குகை விழும். எனவே மண்ணின்மேல் முதலில் பருமணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் ஒன்றரை அங்குல ஜல்லி, அதன்மேல் கல் என்று, நொய்யிலிருந்து பருவட்டுக்குப் போகும் வரிசையில் ஓர் அடிக் கனத்துக்குப் பரப்பினோம். தண்ணீர் வெளியே வரலாம், மண் வரக்கூடாது. நீர்க்கட்டிப் பெரியவர் லோட்டாவில் பார்த்த அதே கணக்குத்தான் இது. கல் இடுக்குகளைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிடலாம், பார்க்க லட்சணமாக இருக்கும் என்று எங்களில் சிலர் வற்புறுத்தினோம். பூசினால் கசிவு வெளியேற வழியின்றி உள்ளிருந்து தள்ளும் என்று அதையும் தடுத்தார். இந்த வேலையின் இரண்டு முனைகளிலும், மேல்பக்கமும் கீழ்பக்கமும், கல்வரிசையைத் திருப்பிப் பழைய நல்ல கரைக்குள் எட்டு அடி புதைத்தோம். இல்லையென்றால் தண்ணீர் முனையைச் சுற்றிப் பின்பக்கம் போய்விடும்.

மண் பக்கத்து ஏரியிலிருந்து, உரிய அனுமதியோடு வந்தது. வெறும் களி என்றால் காய்ந்ததும் வெடிக்கும், வெறும் மொரம்பு, அதாவது சரளை மண், என்றால் தண்ணீர் விடும், இரண்டையும் கலந்தோம். பழைய சரிவின்மேல் புதுமண்ணை அப்படியே கொட்டினால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழுக்குத்தளம் உண்டாகும் என்பதால், பழைய கரையில் புல்லையும் வேரையும் குப்பையையும் செதுக்கி எடுத்து, குளத்துப் படிக்கட்டுப்போலப் படி வெட்டி, ஒவ்வொரு படியிலும் புதுமண்ணைக் கட்டிச் சேர்த்தோம். முக்கால் அடி மண் பரப்பி, அது அரை அடியாகும்வரை ரோலர் ஓட்டி, அதற்குப்பின் அடுத்த அடுக்கு. ஈரம் சரியா என்று பார்க்க எந்திரம் எதுவும் எங்களிடம் இல்லை. ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திக் கொழுக்கட்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுவோம். பிடிக்கவே வராமல் உதிர்ந்தால் தண்ணீர் போதாது. விழுந்து அடைபோல் அப்பிக்கொண்டால் தண்ணீர் அதிகம். நாலைந்து துண்டாக உடைந்தால் ரோலரை விடலாம். தினமும் காலையில் கொழுக்கட்டை பிடிப்பது கொட்டகைக்கார அக்காவின் வேலையாயிற்று. அவர் வேண்டாம் என்றால் ரோலர் ஓட்டுநர் சாவியைத் தொட மாட்டார். சாக்கடைக் குழாயைப் பெயர்த்து எடுத்துவிட்டு, தெருத் தண்ணீரைக் கரையை ஒட்டிய வாய்க்கால் வழியாகக் கீழ்ப்பக்கத்து மதகுக்குக் கொண்டுபோனோம்.

இடையில் எதிர்க்கரைக்காரர்களோடு ஒரு தகராறு. ஓட்டத்தை எங்கள் கரையிலிருந்து விலக்க, கல்லால் இரண்டு குறுக்கு நாக்குகளை ஆற்றுக்குள் நீட்டலாம் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு எழுந்தது. காதோடு காதாகப் போய் மறுநாள் அக்கரையிலிருந்து நாற்பது பேர் வந்துவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம்: நாக்கு நீட்டினால் ஓட்டம் அவர்கள் பக்கம் திரும்பும், மணல்மேட்டுக்குப் பின்னால் அவர்களுடைய நெல்வயல் இருக்கிறது. அந்த யோசனையைக் கைவிட்டு, அதற்கு ஒதுக்கிய கல்லைக் காலடியில் பத்தடி அகலத்துக்குத் தரைவிரிப்புப்போலப் பரப்பினோம். அடியில் மண் அரித்தால் அந்தக் கற்கள் தாமாகவே சரிந்து பள்ளத்தில் இறங்கிக்கொள்ளும். சண்டையில் கிடைத்த நல்ல தீர்வு; முதலிலேயே ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

கல்லுக்கு மேலே உள்ள சரிவிலும் ஊர்ப்பக்கத்திலும் அருகம்புல்லும் வெட்டிவேரும் நட்டோம். ஆடுகள் முதல் மாதத்திலேயே பாதியைத் தின்றுவிட்டன. முள்வேலி போட்டபின் மீதி பிடித்துக்கொண்டது. மரம் வேண்டாம் என்று முடிவெடுத்ததில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. ஒரு வேம்பு இருந்தால் நிழலுக்கு எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் பனை அடியின் துளையில் கைவிட்டுப் பார்த்தவன் நான், வாய் திறக்கவில்லை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஆறு மீண்டும் கரை நிறைய ஓடியது. இந்த முறை தண்ணீர் ஏறும்போது நாங்கள் முறை வைத்துத் தூங்கினோம். இறங்கத் தொடங்கியதும் எல்லாரும் விழித்துக்கொண்டு கரைக்குப் போனோம். தலைப்பில் பத்தடிக்கு ஒன்றாக அடித்திருந்த முளைகளை நூல் பிடித்துப் பார்த்தோம். பதினான்காவது முளை மட்டும் ஒரு விரற்கடை ஆற்றுப்பக்கம் சாய்ந்திருந்தது. அதன் அருகே ஒரு வெடிப்பு, தீக்குச்சி நுழையும் அளவுக்கு. மழைநீர் உள்ளே இறங்காதபடி அதன்மேல் தார்ப்பாயை விரித்து நான்கு மூலையிலும் மூட்டை வைத்தோம். ஊர்ப்பக்க அடியில் கசிவு இருந்தது. பெரியவர் அந்த ஆண்டு உயிரோடு இல்லை. அவருடைய பேரன் லோட்டாவில் மொண்டு, சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, எங்களிடம் நீட்டினான். தெளிவாக இருந்தது.